ஊசியோடு வந்தவள்

தேவாலயத்தில் கலியாணப் பூசைக்கு இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. மணப்பெண்ணின் பிளவுஸ் முதுகிலிருந்து மணிகள் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ, வந்து பாருங்கோ! பிறம்ரன் கடை, பிறம்ரன் கடை எண்டு துள்ளினீங்கள்!" என் மனைவி கிளடிஸ் கத்தினாள்.

துள்ளியது உண்மைதான். அஜக்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் தங்கச்சி மக்டலீன் இருக்கிறாள். மணி வேலையில் பேர்போனவள். கலியாண பிளவுஸை மாமிதான் தைக்க வேண்டுமென்று என் மகள் மெலிசா சின்ன வயதிலேயே சொல்லி வைத்தவள்.

நான் விடவில்லை. பத்து வருடத்துக்கு முன் தன் மகனின் கலியாணத்தில், சொந்த அண்ணனைக் குசினிக் கதவடி மேசையில் இருத்தினவள் அவள். கோழிப் பிரட்டல் கொண்டுபோனவன் ஒவ்வொரு முறையும் கதவால் என் முதுகில் இடித்தான். சாப்பிடாமல் எழும்பி வந்தேன். அன்றோடு கதை பேச்சில்லை. இந்தக் கலியாணத்துக்கும் அவளுக்குச் சொல்லவில்லை.

"அவளின்ர கைபட்ட ஒரு மணிகூட என்ர பிள்ளையின்ர உடம்பில ஏறக்கூடாது" என்று, பிறம்ரனில் பெரிய இந்தியக் கடையில் கொடுத்தேன். அங்கே ஒவ்வொரு மணியையும் கையாலேயே தைப்பார்களாம்.

பிளவுஸ் வந்த அன்று, முதுகுப் பக்கத்து மல்லிகை மொட்டுகளை மெலிசா தடவிக்கொண்டே நின்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியே வேலையை! உன்ர மாமி குத்துக்கரணம் அடிச்சாலும் உப்பிடித் தைக்கமாட்டாள்" என்றேன்.

இப்போது அந்த வேலைதான் நிலத்தில் உருண்டுகொண்டிருந்தது.

மெலிசா மட்டும் பதறவில்லை. "அப்பா, ரிலாக்ஸ். கடைக்குக் கோல் பண்ணுங்கோ. தைச்ச ஆளையே அனுப்பச் சொல்லுங்கோ."

போனில் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"கோவப்படாதீங்க சார்" என்றார் கடைக்காரர் ராம்குமார். "அதைத் தைச்சவங்க உங்க அஜாக்ஸ்லதான் இருக்காங்க. வீட்டுல வச்சுத் தைச்சுக் கொடுக்கறவங்க. இப்பவே அனுப்பறேன்."

கொஞ்ச நேரத்தில் பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். மக்டலீன்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"கலியாணத்துக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. கடையிலதான் சொன்னவை. அதுதான் ஊசியும் நூலும் மட்டும் கொண்டு வந்தனான்."

வழி விட்டேன்.

"மாமி!" மெலிசா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள்.

"விடு பிள்ளை, மேக்கப் கரையப்போகுது."

மக்டலீன் பிளவுஸை மடியில் விரித்தாள். அறுந்த நூலின் நுனியை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி மெலிசாவைப் பார்த்தாள். கை வேலையைத் தொடங்கவில்லை.

"என்ன முழிக்கிறாய்?" என்றேன். "வேணுமெண்டுதானே இளக்கித் தைச்சனீ? நாலு சனத்துக்கு முன்னால என்ர மானத்தை வாங்கப் பாத்தனீ, என்ன?"

"இஞ்சேருங்கோ, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ!" என்றாள் கிளடிஸ்.

"அப்பா, அது வந்து..." மெலிசா தொடங்கினாள்.

மக்டலீன் அவள் கையை அமத்திப் பிடித்தாள். "நீ பேசாமல் இரு பிள்ளை." என் பக்கம் திரும்பினாள். "ஓம் அண்ணை. முடிச்சை வடிவாப் போடேல்லை. என்ர பிழைதான்."

பத்து வருடமாக அவள் வாயால் கேட்கக் காத்திருந்த வார்த்தை. மேசைக்குச் சொல்ல வேண்டியதை மணிக்குச் சொல்கிறாள். பரவாயில்லை, அதையாவது சொன்னாளே என்று எடுத்துக்கொண்டேன்.

ஊசி ஏறி இறங்கியது. மொட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பூசைக்கு நேரம் இருக்கவே மெலிசா பிளவுஸைப் போட்டுக்கொண்டாள்.

பிழையை ஒத்துக்கொண்டவளிடம் கொஞ்சம் பெருந்தன்மை காட்டலாமென்று எனக்குத் தோன்றியது.

"சரி, வந்தது வந்திட்டாய். பூசைக்கும் வா, பின்னேரம் ஹோலுக்கும் வா. ஆனா மேசையெல்லாம் நிரம்பிட்டுது. குசினிக் கதவடியில மட்டும் ஒரு இடம் கிடக்கு."

"அது காணும் அண்ணை" என்று சிரித்தாள். "ஓடிப்போய்ச் சீலை மாத்திக்கொண்டு வாறன்."

அவள் போனதும் எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஒருவரும் வழுக்கி விழக்கூடாதென்று குனிந்து, சிதறிக் கிடந்த மணிகளைப் பொறுக்கினேன். அலங்கார மேசைக்குக் கீழே மெலிசாவின் நகக் கத்தரிக்கோல் கிடந்தது. அதன் வாயில் பொன் நூல் துண்டொன்று சிக்கியிருந்தது.

நிமிர்ந்து மகளைப் பார்த்தேன்.

"சொறி அப்பா. சின்னனில மாமி தைச்சுத் தந்த என்ர முதல் நன்மைச் சட்டையிலயும் இதே மொட்டுத்தான். பாத்த உடனேயே மாமியின்ர வேலையெண்டு தெரிஞ்சிட்டுது. அவவை இந்த வீட்டுக்குள்ள கொண்டுவர எனக்கு வேற வழி தெரியேல்லை."

"அப்ப அவள் ஏன் தன்ர பிழையெண்டு சொன்னவள்?"

"நூல் அறேல்லை, வெட்டினதெண்டு மாமி கண்டிட்டா அப்பா. அதுக்குப் பிறகுதான் அப்பிடிச் சொன்னவ."