ஒரே முதுகு

எலும்பைக் கையால் நீவிச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி மருத்துவத்தின் முதுநிலைத் தேர்வில் எல்லா மாணவருக்கும் ஒரே முதுகுதான். கூலிக்குக் குப்புறப் படுத்திருந்த மூக்கையாவின் முதுகு அது. ஒவ்வொரு மாணவரும் விலகிய எலும்பைக் கையால் சரிசெய்ததும், அடுத்தவருக்காகக் கட்டிலில் பொருத்திய இயந்திரம் அதை மறுபடி விலக்கிவிடும்; கடைசி மாணவருக்குப் பிறகும், மறுநாள் தேர்வுக்காக.

அன்றைய கடைசி முறை மாணவி ஜெசிந்தாவுடையது. தேர்வாளர் போண்டாவைக் கடித்தபடி, எண்ணெய் விரலோடு இயந்திரத்தின் பொத்தானைத் தேடினார். அவள் மூக்கையாவின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

“சார், இப்ப அவருக்குச் சரியாத்தான இருக்கு?”

“அதான் விலக்கப்போறோம். இல்லாட்டி நீ எதைச் சரி பண்ணுவ?”

“அப்ப எனக்கு வேண்டாம் சார்.”

“அடுத்த வருஷம் மறுபடி வரணும். புண்ணியத்துக்கு மார்க் கெடையாதும்மா.”

மூக்கையா தலையைத் திருப்பினார். “நீ பண்ணு தாயி. எனக்குப் பழகிப்போச்சு.”

பொத்தானைவிட, போண்டாவைவிட அந்தச் சொல்தான் அவளுக்கு அதிக அருவருப்பைத் தந்தது. கர்த்தரை நினைத்துக்கொண்டு மூக்கையாவின் இடுப்பைக் கட்டியிருந்த வார்களை அவிழ்த்தாள். எழுந்து உட்காரக் கை கொடுத்தாள்.

“தோத்துப்போயிட்டியே தாயி” என்றார் அவர்.

“பரவால்லண்ணே. வீட்டுக்குப் போங்க.”

வழக்கமாக, குனிய முடியாத அவருக்கு வாசல் காவலாளிதான் செருப்பு மாட்டிவிடுவார். அன்று மூக்கையா தானே குனிந்து மாட்டிக்கொண்டார்.