இரண்டு நாணயங்கள்

"முதல் குழந்தைக்கு இந்த நோய் வந்து, குழந்தையே போயிடுச்சு. நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்னீங்க. அப்போ இவ வயித்துல இருக்கிறது தப்பிச்சிடும்தானே டாக்டர்?"

கணவர் மூன்றாவது முறையாக அதையே கேட்டார். டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. கணவருடைய சட்டைக் கையெல்லாம் வெள்ளைத் தூசி. பெயின்டர் போலிருக்கிறது, இவருக்கு விளக்கி மாளாது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். மனைவி மரக்கட்டை மாதிரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இரண்டு நாணயங்களை எடுத்துப் பூ தெரிகிற மாதிரி மேசையில் வைத்தார்.

"இது அப்பா, இது அம்மா. ரெண்டும் பூ விழுந்தா நோய். முதல் குழந்தைக்கு அப்படி விழுந்துடுச்சு. மறுபடி சுண்டினா?"

"பூ விழாது. அதான் ஒரு தடவை விழுந்துடுச்சே."

"ஐயோ, நாணயத்துக்கு ஞாபகம் கிடையாதுங்க! போன தடவை என்ன விழுந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு பங்குதான். இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"இவர்தான் சொல்லித் தருவார் டாக்டர். பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாதுன்னு வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போடுவார்."

டாக்டர் அந்த வெள்ளைத் தூசியை மறுபடி பார்த்தார்.

வாத்தியார் சட்டைக் கையிலிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டார். பிறகு இரண்டு நாணயங்களையும் டாக்டர் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"ஒரே ஒரு தடவை சுண்டிப் பாருங்களேன்."