நாற்காலியில் நடந்தவர்

"சார், நீங்க நடக்கவே இல்லை. நாற்காலியில உட்கார்ந்துகிட்டு கையை ஆட்டுறீங்க."

பெரியவர் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மெல்லத் தள்ளினார்.

அந்தப் பெண் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். நோயாளிகள் வீட்டில் இருக்கும்போது கைக்கடிகாரத்தையும் செல்போனையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆஸ்பத்திரிக்காக ஆய்வு செய்பவள் அவள்.

"நடந்தா இடம் மாறணும் சார். நீங்க இந்த ஜன்னலோரத்தை விட்டு நகரவே இல்லை. ஆனா பொழுது சாயறதுக்குள்ள உங்க மகளைவிட நாலு அடி கூட நடந்திருக்கீங்க. அதுவும் தினமும்!"

"பிடிச்சிட்டியா? கெட்டிக்காரிதான்."

"சிரிக்காதீங்க சார். பொய்க் கணக்கை ஆய்வுல வச்சுக்க முடியாது. உங்க மகளும் இதுல சேர்ந்திருக்காங்க. உங்களை நீக்கினா அவங்களுக்கும் காரணம் சொல்லணும்."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"அவகிட்ட மட்டும் வேண்டாம்மா. அவளுக்குக் கால் உடைஞ்சு உள்ள தகடு வச்சிருக்காங்க. நடந்தாத்தான் கால் தேறும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். மகாராணி கட்டிலை விட்டு இறங்கல. யார் எத்தனை அடி நடந்தோம்னு ரெண்டு பேர் போன்லயும் தெரியுமே. ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, 'உன்னை முந்திட்டேன் பாரு'ன்னு சீண்டினேன். மறுநாளே தெருவுல இறங்கிட்டா."

"அதுக்கு நிஜமாவே நடக்கலாமே?"

"பக்கவாதம் வந்துட்டுப் போனதுல கால் இழுக்குது. பாத்ரூம் போறதே எனக்கு யாத்திரை. தேறிட்டு வரேன்னு அவகிட்ட கதை விட்டு வச்சிருக்கேன்."

ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினார்.

"சின்னதுல காய்ச்சல் வந்தா மருந்தைத் தொடவே மாட்டா. 'யாரு முதல்ல குடிக்கிறா பார்ப்போம்'னு நானும் ஒரு மூடி ஊத்திப்பேன். ஒரே மடக்குல முழுங்கிட்டு, 'அப்பா தோத்துட்டார்'னு கட்டில் மேல குதிப்பா பாரு... இருமலே இல்லாம பாதி பாட்டில் இருமல் மருந்து குடிச்சவன் நான்! வேலைக்குப் போய்த் தூங்கி வழிஞ்சிருக்கேன். 'பிள்ளைக்கு வாங்கினதை இந்த மனுஷன் காலி பண்றார்'னு அவ அம்மா டாக்டர்கிட்டயே கோள் சொன்னா. டாக்டர் விழுந்து விழுந்து சிரிச்சார். இப்போ அந்த டாக்டரும் இல்லை, அவ அம்மாவும் இல்லை. நீங்க கொடுத்த இந்தக் கடிகாரம்தான் இருக்கு."

அவள் எந்த வாக்கும் கொடுக்காமல் எழுந்தாள். மனசு கேட்கவில்லைதான், ஆனால் விதி விதிதானே.

தெருமுனைக்கு வந்து மகளை அழைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே மகள் பேசினாள். பின்னால் வண்டிகளின் இரைச்சல்.

"அக்கா, உங்க அப்பாவைப் பத்தி ஒரு விஷயம்..."

"நடக்காம கையை ஆட்டுறார். அதானே மேடம்?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? கடிகாரத்தை அந்தக் கையில மாட்டச் சொன்னதே நான்தான். பக்கவாதத்துல விழுந்த கை மேடம் அது. தினமும் அசைக்கலேன்னா அப்படியே முடங்கிடும்னு சொல்லிட்டாங்க. பயிற்சி கொடுக்க வந்தவர் கெஞ்சிப் பார்த்தார். ஒரு விரலைக்கூட அசைக்கல மனுஷன். நான் நடந்தாத்தான் அவர் கை ஆடுது."

"அப்போ உங்க கால்?"

"அது எப்பவோ சரியாயிடுச்சு. அவர்கிட்டதான் இன்னும் வலிக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்க ரெண்டு பேர் கணக்கையும் தாராளமா நீக்கிக்கோங்க. கடிகாரத்தை மட்டும் கழட்டிடாதீங்க."

அங்கிருந்து குரல் அவசரப்பட்டது.

"அப்புறம் பேசுறேன் மேடம். இன்னிக்கு அப்பா கை போதுமான அளவு ஆடல. நான் இன்னும் ரெண்டு தெரு சுத்தணும்."