பாயும் குவளையும்

வயிற்றுக்குள் இருப்பது பிள்ளைதான் என்று ஐம்பது அடி தூரத்திலிருந்து எப்படி நிரூபிப்பது? மருத்துவிச்சி கனகேஸ்வரிக்குப் பிடிபடவில்லை. ஊரைப் பிடித்திருந்த அந்நிய ராணுவத்தின் சோதனைச் சாவடியில் போன மாதம் ஒருத்தி பொய் வயிற்றோடு வந்து வெடித்தாள். மூன்று சிப்பாய்கள் செத்தார்கள். அன்றிலிருந்து கர்ப்பிணிகளை அவர்கள் ஐம்பது அடிக்குள் விடுவதில்லை. அவள் கூட்டிவந்திருந்த சுகிர்தாவின் பிள்ளையோ வயிற்றில் குறுக்கே கிடந்தது. வலி தொடங்குமுன் சாவடிக்கு அப்பால் இருந்த மருத்துவமனைக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தப்பாது.

“சீலையை விலக்கிக் காட்டட்டோ அக்கா?” என்றாள் சுகிர்தா.

“ஏனடி, அவங்களுக்குப் படம் காட்டவோ? பேசாமல் இந்தப் பனங்கட்டியைத் தின். இனிப்பு இறங்கினா உன்ர பிள்ளை சும்மா கிடக்கமாட்டான்.”

அவளைச் சாவடிக்கு எதிரே நடுத்தெருவில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின் உச்சியில் ஒரு வெறும் குவளையை நிறுத்திவிட்டு, கனகேஸ்வரி கைகளைத் தூக்கியபடி விலகி நின்றாள். துப்பாக்கிகள் குறிபார்த்தன. மூச்சுக்குக் குவளை மெல்ல ஏறி இறங்கியது. பொய் வயிறும் அப்படி ஏறி இறங்கும். கால்மணி கழித்து, உள்ளிருந்து வந்த உதையில் குவளை பக்கவாட்டில் துள்ளி உருண்டது. ஒரு சிப்பாய் சிரித்தேவிட்டான். தடைக்கம்பு உயர்ந்தது.

மறுநாள் சாவடிக்கு முன்னால் ராணுவமே ஒரு பாயை விரித்து, குவளையும் வைத்திருந்தது. கர்ப்பிணிகள் வரிசையாக வந்து படுத்தார்கள். குவளை விழுந்தவர்கள் சாவடியைத் தாண்டிப் போனார்கள்.