சாக்பீஸ் கோடு

“என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியவே கூடாது. குனிஞ்சு பார்த்தாலும் யாரோ கை வெச்ச மாதிரி இருக்கக் கூடாது” என்றார் கணக்கு டீச்சர், சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரங்களைக் காட்டி.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். “பிரேக்ல எல்லாம் நான் கை வைக்க மாட்டேன்மா. போலீஸ் ஸ்டேஷன் எனக்கு ஒத்துக்காது.”

“சேச்சே! அவர் உயிரோட இருக்கணும்னுதான் வந்திருக்கேன்.”

கணவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். டாஷ்போர்டில் கிடந்த மெக்கானிக்கின் விசிட்டிங் கார்டைப் பார்த்து, இருபதைத் தாண்டாமல் காரை உருட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்திருந்தார் டீச்சர். வழியில் ஒரே சைக்கிள் அவரை இரண்டு முறை முந்தியது.

“எல்லாம் என் வாய்க்கொழுப்பு” என்றார். தங்கைகளும் அவர்களுடைய கணவர்களும் கூடியிருந்த இடத்தில், தன் கணவர் மெதுவாக ஓட்டுவதைக் கிண்டலடித்து, “எங்க வீட்டு நத்தை வந்து சேர்றதுக்குள்ள சாப்பாடு ஆறிடும்” என்று ஒரு தடவை சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். அடுத்த மாதம் வாசலில் இந்தக் கார் நின்றது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மகள் வீட்டுக்கு ஹைவேயில் பறக்கிறார்கள்.

“மெதுவாப் போங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“எந்த வாயால சொல்றது? நத்தைன்னு சொன்னதும் இதே வாய்தானே! முன்னெல்லாம் மீட்டர் முள்ளு நூத்தியிருபதுல நிக்கும். இப்ப ரெண்டு மாசமா நூத்திமுப்பது. சிக்னல்ல பச்சை விழுந்ததும் அவுத்து விட்ட கன்னுக்குட்டி மாதிரி பாயுது. நூறைத் தாண்டினாலே எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடும். ரோட்டைப் பார்க்க மாட்டேன், முள்ளையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன்.”

“சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவீங்களே.”

“எங்கே? முன்னே சரியா ஒரு மணி நேரம். இப்ப ஒண்ணேகால் ஆகுது. ரோட்டுல கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு போல.”

மெக்கானிக் தாடையைச் சொறிந்துகொண்டார்.

டீச்சர் கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். ஒரு வாரம் உட்கார்ந்து படித்துத் தயாராகி வந்திருந்தார். “பின் ஆக்சில்ல இருக்கிற கியரை மாத்தணும். கம்பெனி போட்டுக் கொடுத்தது மூணுக்கு ஒண்ணு. அதாவது, எஞ்சின் பக்கத்துலேருந்து பின்னாடி வர்ற தண்டு மூணு சுத்து சுத்தினா, சக்கரம் ஒரு சுத்து. சரியா?”

“சரிங்க டீச்சர்.” மெக்கானிக் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார்.

“அதை நாலுக்கு ஒண்ணா மாத்தினா?”

“கிளம்பறப்ப நல்லா இழுக்கும். டாப் ஸ்பீடு அடிபடும்.”

“ஸ்பீடோமீட்டர்?”

“இந்த வண்டியில மீட்டர் தண்டு சுத்தறதைத்தான் எண்ணும், சக்கரத்தை எண்ணாது. மீட்டரையும் சேர்த்துச் சரி பண்ணலைன்னா முள்ளு பொய் சொல்லும். கூட்டித்தான் காட்டும்.”

“பண்ணாதீங்க. பொய்யே சொல்லட்டும். அவர் முள்ளைப் பார்த்துச் சந்தோஷமாப் பறக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் முழுசாப் போய்ச் சேர்ந்தா போதும்.” ஞாயிறுதோறும் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, அவளிடம் கடைசியாக என்ன பேசினோம், அதுவே கடைசிப் பேச்சாகிவிடுமோ என்று டீச்சர் யோசித்துப் பார்ப்பதுண்டு.

மெக்கானிக் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காரை லிஃப்டில் ஏற்றினார்.

“மாத்தறதுக்கு முன்னாடி, இப்ப என்ன இருக்குன்னு நீங்களே ஒரு தடவை எண்ணிடுங்க. சாக்பீஸ் இருக்கா?”

கணக்கு டீச்சரின் கைப்பையில் சாக்பீஸ் இல்லாமலா? டயரில் ஒரு கோடு போட்டார்கள், தண்டில் ஒரு கோடு போட்டார்கள். கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்து மெக்கானிக் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டார். டீச்சர் காருக்கு அடியில் நின்று, தண்டின் கோடு தன் தலைக்கு நேரே வரும்போதெல்லாம் எண்ணினார்.

“நாலு” என்றவர் முகத்தைச் சுளித்தார். “தப்பா எண்ணிட்டேன். இன்னொரு தடவை சுத்துங்க.”

முப்பது வருட சர்வீஸில் அவர் நான்கு வரைக்கும் தப்பாக எண்ணியதில்லை. இரண்டாவது தடவையும் நாலுதான். மூன்றாவது தடவையும் நாலுதான்.

“இதை ஏற்கெனவே யாரோ மாத்தியிருக்காங்க!”

“நான்தான் மாத்தினேன், ரெண்டு மாசம் முன்னாடி. உங்க வீட்டுக்காரர்தான் வண்டியைக் கொண்டாந்தார். மீட்டரை மட்டும் தொடாதீங்கன்னார்.” மெக்கானிக் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். நீங்களே எண்ணிக் கண்டுபிடிச்சா நான் என்னம்மா செய்ய முடியும்?”

டீச்சரின் உதடுகள் அசைந்தன. நூற்று முப்பதில் முக்கால் பங்கு. “தொண்ணூத்தேழரை” என்று முணுமுணுத்தார். கூடுதலாக ஆகிற அந்தக் கால் மணி நேரத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

“அவர் எதுக்குங்க மாத்தினார்?”

“நூறைத் தாண்டினா அவருக்கும் கை நடுங்குதாம்மா.”