நீளக் கோடு

மேனேஜர் எங்கள் மேஜைக்கு நேராக வந்து, கடிதத்தை என் முகத்துக்கு முன்னால் ஆட்டினார்.

"என்னம்மா இது? ஒவ்வொரு கோடும் தண்டவாளம் நீளத்துக்கு இருக்கு!"

போச்சு, தாள் மாறிப்போச்சு.

எதிரில் அக்கா பென்சிலும் கையுமாக, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருக்க வேண்டிய தாள்தான் மேனேஜர் கையில் இருந்தது.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் பம்பு கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு இங்கிலீஷ் கடிதத்தையும் பிழை பார்ப்பவர். எழுதுவது நான், திருத்துவது அவர், பதினெட்டு வருஷமாக.

இரண்டு வார்த்தைகள் ஒன்றாகச் சேர்ந்து இன்னொரு வார்த்தைக்கு முன்னால் நின்றால், நடுவில் சின்னதாக ஒரு கோடு, ஹைஃபன் என்பார்கள். அதே இரண்டும் பின்னால் வந்தால் கோடு வேண்டாம். இதை ஆயிரம் தரம் எனக்குச் சொல்லியிருப்பார். நானும் ஆயிரம் தரம் கோட்டை விட்டிருப்பேன். கம்பெனி முழுக்க அவருக்குக் கோட்டக்கா என்றுதான் பெயர்.

போன வருஷம் ஒரு நாள், தாளில் ஒட்டியிருந்த தூசிக்கு வட்டம் போட்டு, 'இங்கே கோடு தேவையில்லை' என்று எழுதித் தந்தார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. அக்காவுக்குக் கண் மங்குகிறது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்காவிடமும்தான்.

பிழை பார்க்கக் கம்ப்யூட்டரே போதாதா என்று மேனேஜர் மாதம் ஒரு தரமாவது ஆரம்பிப்பார். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ரிட்டையராக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்க்க என்னால் முடியாது சாமி.

அதனால் எல்லாக் கடிதத்தையும் இரண்டு விதமாக பிரிண்ட் எடுத்தேன். விஷயம் சரியா என்று பார்க்க மேனேஜருக்கு ஒன்று, ஒழுங்கானது. அக்காவுக்கு ஒன்று, எழுத்தைப் பெரிசாக்கி, கோடுகளை ஒவ்வொன்றாக நீட்டி. கேட்டால் பிரிண்டர் மேல் பழியைப் போடலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

"என் தப்புதான் சார்," என்றேன். "கவனிக்கலை."

"அவங்ககிட்ட இருக்கறதும் இப்படித்தானா?" மேனேஜர் அக்காவிடம் கையை நீட்டினார்.

அப்போதுதான் அவர் ஆட்டிய தாளில் ஏழாவது வரி என் கண்ணில் பட்டது. பத்து வருஷ கியாரண்டி என்று வருகிற இடம். பத்துக்கும் வருஷத்துக்கும் நடுவே கோடு போட மறந்திருக்கிறேன், பாவி. பெரிய எழுத்திலேயே அது நழுவுகிற இடம். அக்கா கையில் இருப்பதோ பொடி எழுத்து. இதை எங்கே பார்த்திருக்கப் போகிறார்? இன்றோடு முடிந்தது கதை.

அக்கா தாளைக் கொடுத்தார்.

மேனேஜர் மேலிருந்து கீழே வரை படித்தார். நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

"இது சரியா இருக்கு. இனிமே ஒழுங்கா எடும்மா," என்று தாளை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

கியாரண்டி வருகிற வரியைப் பார்த்தேன். பொடி எழுத்துக்கு நடுவே, இருக்க வேண்டிய இடத்தில், மயிரிழை போல ஒரு பென்சில் கோடு.

அக்காவைப் பார்த்தேன். அவர் பென்சில் சீவ ஆரம்பித்துவிட்டார்.

"ஆபரேஷன் ஆகி மூணு மாசமாச்சு," என்றார், பென்சிலிடம் சொல்வது போல.

தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று அக்கா நான்கு நாள் லீவு போட்டது ஞாபகம் வந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாசமாக நான் மெனக்கெட்டதெல்லாம் வீணா? தினமும் எத்தனை கோடு!

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நிறுத்திடுவியே." அக்கா இப்போதும் நிமிரவில்லை. "என் வீட்டுல இருக்கறது நான் ஒருத்திதான். எனக்காக இதுக்கு முன்னாடி யாரு இப்படியெல்லாம் செஞ்சிருக்கா?"

பாத்ரூமுக்குப் போகிற சாக்கில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கடிதத்தை வழக்கம் போல இரண்டு விதமாக பிரிண்ட் எடுத்தேன். மேனேஜருக்கு ஒன்று. அக்காவுக்கு ஒன்று.

அக்கா தன்னுடையதை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் நீளமாப் போட்டிருக்கலாம்," என்றார்.