அவள் பெயரில் ஓர் எருமை

"இதுதாம்மா உங்க எருமை."

மேலாளர் கணினியை அவள் பக்கம் திருப்பினார். கருவறைத் திரையை விலக்கும் அர்ச்சகரின் நிதானம் அந்தக் கையில் இருந்தது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

கிரைண்டர் மோட்டார் வாங்கப் பணம் எடுக்கத்தான் வங்கிக்கு வந்திருந்தாள். பழையது காலையில் புகைந்து நின்றுவிட்டது. மாவு அரைத்து விற்றால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

கணக்கில் பணம் குறைந்தது.

கேட்டாள். கால்நடைக் காப்பீட்டுக்கு வருடா வருடம் போகிறது என்றார்கள். எட்டு வருடத்துக்கு முன்பு கிரைண்டர் கடன் வாங்கியபோதே சேர்த்துவிட்டதாம். கடன் அடைந்துவிட்டது. காப்பீடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட எருமையே இல்லையே சார். இருக்கிறது மூணாவது மாடி. அந்தக் காசத் திருப்பிக் குடுத்திருங்க. மோட்டார் வாங்கணும்."

"இல்லைன்னு நீங்க சொல்றீங்க. இருக்குன்னு சிஸ்டம் சொல்லுது."

சிஸ்டம் என்னும்போது அவர் குரல் தாழ்ந்தது. மேலிடத்துச் சமாசாரம்.

திரையில் ஒரு பழைய படிவம். முழுக்க ஆங்கிலம். அவரே தமிழாக்கி வாசித்தார்.

இனம், முர்ரா. நிறம், கறுப்பு. வயது, நான்கு. பால், நாளொன்றுக்குப் பன்னிரண்டு லிட்டர்.

பன்னிரண்டு லிட்டர்!

அவளுக்கு மெய் சிலிர்த்தது.

அன்றைக்கும் வயது நான்கு. போன வருடமும் நான்கு. காய்ச்சல் வந்ததில்லை. ஒரு வேளைக்கு வைக்கோல் கேட்டதில்லை. அந்தக் குறுகல் படியில் மூன்று மாடி ஏறியிருக்கிறது. செருப்புச் சத்தத்துக்கே சண்டைக்கு வரும் கீழ்வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர்.

வீடு வாடகை. கேஸ் இணைப்பு மாமியார் பெயரில். இந்த உலகத்தில் அவள் பெயரில் இருந்தது இது ஒன்றுதான். இவ்வளவு கறுப்பாக, இவ்வளவு பெரிதாக.

"எனக்கும் இன்சூரன்ஸ் இருக்கா சார்?"

தட்டித் தேடினார்.

"உங்களுக்கு இல்ல. எருமைக்கு மட்டும்தான்."

நியாயம்தான் என்று பட்டது. அவள் எங்கே, அது எங்கே.

"பணம் திரும்ப வராதும்மா. செத்திருந்தா நாப்பதாயிரம் வந்திருக்கும். சாகலையே! எட்டு வருஷமா உங்க எருமைய நாங்க காப்பாத்திக் குடுத்திருக்கோம்."

வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததும் அவர் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

"ஏனோதானோன்னு பண்ற வேலை இல்ல இது. ஒவ்வொரு மாட்டையும் நேர்ல போய்ப் பாக்கணும். பல்லப் பிடிச்சுப் பாத்து வயசு எழுதணும். காதுல நம்பர் வில்லை மாட்டணும். அப்பறம் ஆபீசர் கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம்தான் சிஸ்டம் ஏத்துக்கும். இதோ பாருங்க, 'நேரில் கண்டு சான்றளித்த அலுவலர்'..."

சுட்டுவிரல் அந்த வரியின்மேல் போய் நின்றது.

கு. கனகசபாபதி.

அவருடைய மேசைமேல் இருந்த பெயர்ப் பலகையிலும் அதே கனகசபாபதிதான். இதே கிளையில் கள அலுவலராக இருந்தபோது போட்ட கையெழுத்து. மார்ச் மாதக் காப்பீட்டு இலக்கு கழுத்தை நெரித்த அவசரத்திலும் வாலும் சுழியும் குறையாமல் போட்டிருந்தார்.

அவர் விரலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

அவள் மெல்ல உட்கார்ந்தாள். நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள். இத்தனை காலம் தன் பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றைக் கண்ணால் கண்ட மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

"நீங்க பாத்திருக்கீங்களா சார்? எப்படி இருக்கும்?"

அவர் தண்ணீர் குடித்தார்.

எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். வந்து உட்கார்ந்து, மிகவும் தணிந்த குரலில், பிடித்த பணத்தைத் திரும்பப் போடப் பாஸ்புக்கைக் கேட்டார்.

கொடுத்தாள். கண்ணை மட்டும் அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"கொம்பு எப்படி சார்?"